இறால் தலை வேண்டாத நாடுகள்

1974 ஜனவரி 8, செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கம்போல வாடியின் கேற்றைத் திறந்தேன். வாடி என்று நாங்கள் சொன்னது, மட்டக்களப்பு வாவிக்கரையில் கம்பனி கட்டியிருந்த நீண்ட தகரக் கொட்டகையை. தராசைத் துடைத்து, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்த ஏறாவூர் ஹனீபாவின் லொறி மரத்தூள் போர்த்திய ஐஸ் கட்டிகளை இறக்கியது. மண்டூர்ப் பக்கத்திலிருந்தும் அக்கரைத் துறைகளிலிருந்தும் இரவு பிடித்த இறால் கூடை கூடையாக வந்தது. நிறுத்து உள்ளே அனுப்பினேன். பெண்கள் கை கழுவி, தலையில் துணி கட்டி, சீமெந்து மேசையின் இரு பக்கமும் நின்றார்கள்.

அந்த மேசையில் ஒவ்வொரு பெண்ணின் இடத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஓட்டைக்குக் கீழே அவளுடைய சொந்த வாளி. இறாலை இடக்கையில் பிடித்து, வலக்கைப் பெருவிரலால் தலையைக் கிள்ள வேண்டும். உடல் ஐஸுக்குப் போகும். தலை ஓட்டை வழியே வாளிக்குள் விழும். உடல் அமெரிக்காவுக்கு, தலை அவளுடைய வீட்டுக்கு.

நாளின் முதற் கூடைக்கு மட்டும் வேறு முறை. அதன் தலைகள் யாருடைய வாளிக்கும் போகாது. கேற்றுக்கு வெளியே சட்டியோடு வரிசையில் நிற்கும் விதவைகளுக்கும் நோயாளி உள்ள வீட்டாருக்கும் அவை பங்கிடப்படும். வாசல் பங்கு என்று பெயர். மேசை கட்டிய முதல் வாரத்திலேயே பெண்கள் தாங்களாக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு அது. கம்பனிக்குத் தெரியவந்தபோது அது பழைய வழக்கம் ஆகிவிட்டிருந்தது. முகாமையாளர் வீட்டுக்கு உரிய பங்கு வாசலில் இல்லை. அவருடைய சாரதி உள்ளே வந்து, பெரிய தலைகளாகப் பொறுக்கி, எனாமல் சட்டி நிறைய எடுத்துக்கொண்டு போவார்.

அன்றும் அப்படியே எல்லாம் நடந்தது. மத்தியானம் ஒரு தந்தி வந்தது.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எனக்குப் பின் தரம் பார்க்கும் வேலைக்கு வந்திருப்பவர் மேசையிலுள்ள ஓட்டைகளைக் காட்டி, "ஐயா, இது கழுவுற தண்ணி போறதுக்கா வெச்சது?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஏற்றுமதியைப் பற்றிக் கொழும்பில் எழுதப்படும் அறிக்கைகள் அப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிக்கொண்டு போகின்றன. நாட்குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு அது முடியாது. ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1951இல். என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் மூன்று மாதம் கெட்ட மீனையும் கெடாத மீனையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். மூக்கு உள்ளவர்கள் அனைவரும் சித்தியடைந்தோம்.

அப்போது சந்தை சிங்கப்பூர். இறாலை உப்பு நீரில் அவித்து, பாயில் காயவைத்து, சாக்கில் போட்டு அடித்தால் ஓடும் தலையும் தூளாக உதிரும். சதை சிங்கப்பூருக்குப் போகும். தூளைப் பெண்கள் அள்ளிப்போய்ச் சம்பல் இடிப்பார்கள். சிங்கப்பூருக்குக் காய்ந்தது மட்டும் போதாது, சிவந்தும் இருக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் இறால் அவித்தால் தானாகச் சிவக்கும். அது சிங்கப்பூர் எதிர்பார்த்த சிவப்பு அல்லவாம். அன்றைய முகாமையாளர் கொழும்பிலிருந்து சாயப்பொடி வரவழைத்தார். அந்த ஆண்டு வாடியில் வேலை செய்தவர்களை ஊரில் எல்லோரும் கையைப் பார்த்தே கண்டுகொண்டார்கள். கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க நான் நீட்டிய கையைப் பார்த்துப் போதகர் ஒரு கணம் தயங்கினார்.

பிறகு சாயம் போட்ட இறால் வேண்டாம் என்று அதே சிங்கப்பூர் எழுதியது. மிஞ்சிய சாயத்தில் வண்டிக்காரர்கள் பொங்கலுக்கு மாட்டுக் கொம்பு தீட்டினார்கள். சிங்கப்பூர்ச் சந்தையால் ஊருக்குக் கிடைத்த, கண்ணால் பார்க்கக்கூடிய பலன் அதுதான்.

அடுத்து இலண்டன் வந்தது. சிறிய இறால்தான் வேண்டும், அதில் தலை இருக்கக்கூடாது, ஓடு இருக்கக்கூடாது, வால் இருக்கக்கூடாது, முதுகில் ஓடும் கறுப்பு நூலும் இருக்கக்கூடாது. பெரிய இறாலைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சின்னதை வாங்கிய எங்களைப் பார்த்து மீனவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். உரித்த ஓடு தென்னைக்குப் பசளையானது. பெரிய இறாலை ஊரே உண்டது. என் கல்யாண விருந்தில் பரிமாறியது அந்தப் பெரிய இறால்தான். இலண்டன் என்ன காரணத்தாலோ கைவிட்டபோது அமெரிக்கா வந்தது. அமெரிக்காவுக்குப் பெரியது வேண்டும், ஓடு இருக்கலாம், வால் இருக்கலாம், தலை மட்டும் ஆகாது. அப்போதுதான் மேசை கட்டி ஓட்டை போட்டார்கள்.

நான் வேலை செய்த காலம் முழுவதும் ஒவ்வொரு நாடும் இறாலில் எதையாவது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வேண்டாம் என்றதைத்தான் நாங்கள் உண்டோம். பொருளாதாரம் படித்தவர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். வாவிக்கரையில் ஏற்றுமதியின் பொருள் இவ்வளவுதான்.

முகாமையாளர் இராசநாயகம் 1969இல் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்குக் கோபம் வராது, குரல் உயராது. இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பரிசீலிப்போம்" என்பார். மழையில் கூரை ஒழுகுகிறது என்றால் பரிசீலிப்போம். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றால் பரிசீலிப்போம். இறாலைக் கையால் தொடமாட்டார். பென்சில் முனையால் புரட்டிப் பார்ப்பார். பிறகு அந்தப் பென்சிலைக் கைக்குட்டையால் துடைத்துச் சட்டைப்பையில் குத்திக்கொள்வார்.

அவருடைய அறைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று இருந்தது. சந்தை இருக்கும் நாட்டில் சிவப்புத் தலை வைத்த ஊசி ஒன்றைக் குத்தி, அதிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு நூல் கட்டியிருந்தார். தான் வருவதற்கு முந்திய சந்தைகளிலும் வரலாற்றுக்காக ஊசி குத்தி எடுத்திருந்தார். மட்டக்களப்பிலும் ஓர் ஊசி இருந்தது. இலங்கை அந்தப் படத்தில் சிறியது. எனவே ஊசியின் தலை நாடு முழுவதையும் மறைத்துவிட்டது.

அவர் நல்ல விருந்தோம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவருடைய மனைவி இறால் தலைச் சொதி வைத்திருந்தார். தலையை நசுக்கிப் பிழிந்து, தேங்காய்ப் பாலும் பச்சை மிளகாயும் சேர்த்து வைத்த சொதி. அவர் ஒரு தலையை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, "ருசி எல்லாம் இதிலதான். அமெரிக்கன் மடையன்" என்றார். அந்த ஒரு விடயத்தில் நாங்கள் இருவரும் ஒத்த கருத்துடையவர்கள்.

அதே மனிதர், 1973 கடைசியில் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த பிறகு, தலைகள் கழிவுப் பொருள் என்றும், கழிவில் வருமானம் காண்பதே நவீன முறை என்றும், இனிக் கோழித்தீவனம் செய்யும் கம்பனி ஒன்றுக்கு அவற்றைக் கொடுக்கப்போவதாகவும் மேசையருகே நின்று அறிவித்தார். அது கூப்பன் அரிசி குறைந்து, பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். பெண்கள் தலை வாளியைக் கொண்டுபோய், வயல் வட்டைகளில் நெல் உள்ள வீடுகளில் கொடுத்து அரிசி வாங்கினார்கள். தலை இல்லாவிட்டால் சொதியும் இல்லை, சொதி ஊற்றச் சோறும் இல்லை.

மேசையின் தலைமாட்டில் நின்றவர் பிலோமினாக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். புருஷன் தோணிக்காரர். வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக ஒன்பது பேர். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வாளியையும் கையால் துழாவிப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. தலையோடு கழுத்துச் சதையும் சேர்த்துக் கிள்ளியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அன்று வாளி கிடையாது. கம்பனி கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. தலைகள் தங்களிடம் நிலைக்க வேண்டுமானால் கழுத்து கம்பனிக்குப் போக வேண்டும் என்று அவராக வகுத்த சட்டம் அது.

கோழித்தீவன அறிவிப்பைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தலை எங்களுக்கெண்டா கழுத்த நான் பாக்கிறன் ஐயா. தலை கோழிக்கெண்டா, கழுத்தக் கோழி பாத்துக்கொள்ளும்."

முகாமையாளர், பரிசீலிப்போம் என்றார். பரிசீலனை முடிவதற்குள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தந்தி வந்தது.

அவர் அதை மேசையருகே கொண்டுவந்து வாசித்தார். அமெரிக்கா இனி இல்லை. ஜப்பான். இறால் முழுசாக வேண்டும். தலையோடு, காலோடு, மீசை முறியாமல்.

"நாளை மறுநாளிலிருந்து யாரும் தலை கிள்ளக்கூடாது" என்றார்.

"தலையக் கிள்ளாட்டி நாங்க என்னத்தக் கிள்ளுற ஐயா?" என்று பிலோமினாக்கா கேட்டார். மேசையில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை.

முகாமையாளர் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, நெசமாத் தலையையும் தின்னுவானுகளா அவனுகள்?"

"ஓம் அக்கா. தின்னுவாங்களாம்."

"அப்ப அவனுகளுக்கு ருசி தெரிஞ்சிரிக்கி" என்றார். "எங்களுக்குத்தான் கேடு."

இருபத்திரண்டு வருட வேலையில் சந்தையைப் பற்றி நான் கேட்ட தெளிவான கருத்து அதுதான். எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நாடு ஒன்று வந்துவிட்டது.

பெண்களில் எட்டுப் பேரை மட்டும் பெட்டியில் அடுக்குவதற்கு வைத்துக்கொண்டார் முகாமையாளர். அதில் ஒரு சிக்கல் இருந்தது. இறால் கையில் ஏறியதும் பெருவிரல் தானாகக் கிள்ளியது. பேச்சுக் கொடுத்தால் கிள்ளும், இருமினால் கிள்ளும், ஒன்றும் செய்யாவிட்டாலும் கிள்ளும். துணியில் உறை தைத்துக் கையில் மாட்டச் சொன்னார். உறையோடும் கிள்ளினார்கள். கிள்ளியவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தலையை உடலோடு பொருத்தி, நேராகப் படுக்கவைத்து மூடிவிடுவாள். ஜப்பானுக்கு அனுப்பிய முதற் பெட்டிகளில் தலையும் உடலும் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடந்த இறால்கள் சில இருந்தன. முகாமையாளர் எட்டுப் பேரையும் நிறுத்திவிட்டு, இறால் தலையை ஆயுளில் கிள்ளிப் பழகாத ஆண்களை ஊர்ச் சந்தையிலிருந்து பிடித்து வந்தார். பெண்களுக்கு எப்போது வேலை என்று நான் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை.

ஜனவரிக் கடைசியில் ஜப்பானியக் கொள்வனவாளர் நேரில் வந்தார். கேற்றில் குருத்தோலைப் பந்தல் போட்டு, 'நல்வரவு' என்று துணியில் எழுதிக் கட்டினோம். முகாமையாளர் தாமே பன்னீர்ச் செம்போடு நின்றார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கும் மந்திரிக்கும் செய்கிற மரியாதை அது. விருந்தாளிக்குத் தெளித்தார். உடன் வந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தெளித்தார். கை நிற்கவில்லை. மாதிரிக்கு வைத்திருந்த தட்டத்து இறாலுக்கும் இரண்டு முறை தெளித்துவிட்டார்.

கொள்வனவாளர் ஓர் இறாலை எடுத்து மூக்கருகே வைத்தார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"பூ வாசம் வருகிறதாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"மெத்த நன்றி" என்றார் முகாமையாளர்.

போகும்போது கொள்வனவாளர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தலையில்லாத இறால் பொறுமையானது. தலையோடு இருப்பது வெகு விரைவில் கறுக்கும். எனவே தோணியிலேயே ஐஸ் வைக்க வேண்டும். முகாமையாளர் தலையசைத்தார். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டிகள் வந்தன. பெரிய படகுக்கு அளவெடுத்த பெட்டிகள். எங்கள் வாவித் தோணியில் பெட்டியை வைத்தால் வலையை வைக்க இடமில்லை. வலையை வைத்தால் ஆள் இருக்க இடமில்லை. மீனவர்கள் அவற்றைக் கரையில் கவிழ்த்து, மேலே ஏறியிருந்து கிழிந்த வலை பொத்தினார்கள். நான் அறிக்கை கொடுத்தேன். அவர் அதைப் பென்சில் முனையால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

பெப்ரவரி 12. முதல் நாள் இரவு வாவியில் இறால் அள்ளுகொள்ளையாகப் பட்டிருந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. மண்டூர்ப் பக்கத்துக் கூடைகள் ஐஸ் காணாமல் வெயில் ஏறிய பிறகே வந்து சேர்ந்தன. அடுக்கிக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் மை ஊறியதுபோலக் கறுப்பு தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கைக்கு வந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் தரம் என்று என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

முகாமையாளர் பென்சிலோடு வந்தார். "என்ன தாமதம்?"

"தலை கறுத்திருக்கு ஐயா."

"உடல்?"

"உடல் நல்லது. பின்னேரத்துக்குள்ள கறுப்பு அதுக்கும் இறங்கும்."

"உடல் நல்லதென்றால் சைன் வையுங்கோவன். தலையை யார் சாப்பிடப் போகிறார்கள்?"

"ஜப்பான்காரர் ஐயா" என்றேன். அவர் வீட்டுச் சொதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பென்சிலைத் துடைத்தார்.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். கதவு திறந்தே இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் பேசியது கொஞ்சம். "யெஸ் சேர்" என்றதுதான் அதிகம். வெளியே வந்து சொன்னார்: தலையில்லாததை அமெரிக்கா இன்னும் எடுக்குமாம். இப்போதே தலையை எல்லாம் நீக்கி, பழைய அமெரிக்கப் பெட்டிகளில் அடைத்து, மாலை லொறியில் அனுப்ப வேண்டும். இதுவும் பழுதானால் கம்பனி மட்டக்களப்பு வாடியை மூடிவிட்டு மேற்குக் கரையில் இறால் வாங்கப்போகிறது.

சந்தையிலிருந்து பிடித்து வந்த ஆண்களைத் தலை கிள்ளச் சொன்னார். அவர்கள் கிள்ளினார்கள். பாதி உடல் தலையோடு போனது. மீதி உடல் நசுங்கியது. ஒரு கூடை முடிய முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பெண்களைக் கூட்டி வாருங்கள்" என்றார் ஹனீபா காக்காவிடம்.

காக்கா ஐஸ் இறக்கிவிட்டு லொறி மிதிபலகையில் குந்தியிருந்தார். "கூட்டிவரலாம். வருவாங்களோ தெரியா. நீங்க போகச் சொன்ன நேரம் நானும் நிண்டனான் ஐயா."

லொறி போய் வந்தது. பின்தட்டில் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. பிலோமினாக்கா மட்டும் இறங்கி, 'நல்வரவு' எழுதிய பந்தலின் கீழ் வந்து நின்றார். குருத்தோலை காய்ந்து பழுப்பாகியிருந்தது. நான் கேற்றுக்குப் போனேன். முகாமையாளர் எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றார்.

"அக்கா, இண்டைக்கு இது முடியாட்டி வாடியப் பூட்டிப்போடுவாங்களாம்" என்றேன். நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

"பூட்டினா எங்களுக்கு என்ன தம்பி? ஒரு மாசமா எங்களுக்கு அது பூட்டித்தானே கிடக்கு" என்றார். பிறகு எனக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, வாறம். தலை யாருக்கு?"

முகாமையாளர் முன்னால் வந்தார். "தலைகளைப் பற்றிக் கோழித்தீவனக் கம்பனியோடு ஏற்கனவே பேசி இருக்கிறது. உங்கள் கோரிக்கையை நிச்சயமாக..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பிலோமினாக்கா பந்தற் காலில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிழிக்கத் தொடங்கினார். லொறியில் இருந்த பெண்களில் ஒருத்தி, "எனக்கும் ஒரு பாக்குத் தா கா" என்றாள். அவர் ஒரு பாக்கை மேலே எறிந்தார்.

உள்ளே ஐஸ் உருகித் தண்ணீர் மேசை ஓட்டைகள் வழியே நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைகளுக்குக் கீழே வாளிகள் இல்லை. ஹனீபா காக்கா என் காதருகே வந்து, மெதுவாகப் பேசுவதாக எண்ணி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தம்பி, உங்கட ஐயா பரிசீலிச்சு முடியுமட்டும் ஐஸ் நிண்டு பாக்குமா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க."

முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் கூடைகளைப் பார்த்தேன். இந்த இடத்தில் நான் அவருக்கு உதவியிருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒருவர் சொன்னார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை.

"சரி" என்றார் முகாமையாளர்.

"என்ன சரி ஐயா?" பிலோமினாக்கா வெற்றிலையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"தலை உங்களுக்கு."

"பின்னால இரிக்கிறவளுகளுக்குக் கேக்கல்ல."

அவர் தொண்டையைச் செருமினார். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "தலை உங்களுக்கு."

"எந்தத் தலையும் உங்கட ஊட்டுக்கு வராது. பொறுக்கிற வேலையும் இல்ல."

"வராது" என்றார் முகாமையாளர். பரிசீலிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

பெண்கள் இறங்கி, கை கழுவி, துணி கட்டி, தத்தம் ஓட்டைக்கு முன்னால் நின்றார்கள். ஒரு மாதம் சும்மா கிடந்த கைகள் என்று நான் பயந்தேன். அந்தக் கைகள் ஒரு மாதமாக எதைத் தேடிக்கொண்டிருந்தன என்று அப்போது தெரிந்தது. உடல்கள் ஐஸுக்குள் விழுந்துகொண்டே இருந்தன. கறுப்பு ஒன்றிலும் இறங்கியிருக்கவில்லை. வெயில் தாழ முன்பே லொறி பொலன்னறுவைப் பாதையில் கொழும்புக்குப் போய்விட்டது. நான் முதல் தரம் என்று கையெழுத்திட்ட பத்திரமும் அதோடு போனது.

முகாமையாளர் முகம் தெளிந்து, தாராளமாகிவிட்டார். மேசையருகே வந்து, "பிலோமினா, பேசியபடி தலைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார்.

பிலோமினாக்கா தன் வாளிக்குள் கையை விட்டு ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் செய்வதுபோலவே பிடித்தார். "இது கறுத்த தலை ஐயா. இத எங்கட வளவுக் கோழியும் தின்னாது. நாளையத் தலையில இருந்துதான் எங்களுக்கு. இண்டையத் தலைய நீங்களே பரிசீலியுங்க."

வரிசையாகப் போய் ஒவ்வொருத்தியும் தன் வாளியை 'நல்வரவு' பந்தலின் கீழ் கவிழ்த்தாள். குவியல் ஒரு மாட்டு வண்டிச் சுமை இருக்கும். அதை அப்புறப்படுத்த வேண்டியவர்கள் சந்தை ஆண்கள். அவர்கள் மத்தியானமே போய்விட்டார்கள். அன்று மாலை காற்று வாவிப் பக்கமிருந்து முகாமையாளர் அறையை நோக்கி வீசியது.

நான் கேற்றைப் பூட்டப் போகும்போது அவர் உலகப் படத்தின் முன்னால் நின்றார். ஜப்பானிலிருந்து ஊசியைப் பிடுங்கி அமெரிக்காவில் குத்தப் பார்த்தார். பழைய ஓட்டையிலேயே குத்த வேண்டும் என்று நினைத்தார் போலும். கைதவறிப் பசிபிக் கடலில் குத்திவிட்டார். அதை அவர் மாற்றவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு பெரிய படகுகளும் தோணிக்கு ஏற்ற பெட்டிகளும் வந்து, இறால் மறுபடி தலையோடு ஜப்பானுக்குப் போகத் தொடங்கும்வரை சந்தை கடலுக்குள்தான் இருந்தது. கொழும்புக்கு அவர் அனுப்பிய அறிக்கையில், சந்தை நிலைமைக்கேற்ப உடனடி முடிவெடுத்துத் தொழிலாளரின் முழு ஒத்துழைப்பையும் பெற்றதாக எழுதியிருந்தார். அதில் பிழையான சொல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கேற்றைத் திறந்து தராசைத் துடைத்தேன். ஐஸ் வந்தது. முதற் கூடையை நிறுத்து உள்ளே அனுப்பினேன். பெண்கள் கிள்ளினார்கள். பிலோமினாக்கா வாசல் பங்கு வாளியைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்குப் போனார். வரிசையில் வழக்கமான விதவைகள் நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், கையில் எனாமல் சட்டியோடு, முகாமையாளரின் சாரதி நின்றார்.

"ஊட்டில ஆருக்குச் சுகமில்ல?" என்று கேட்டார் பிலோமினாக்கா.

சாரதி தரையைப் பார்த்தார். "ஐயாவுக்குத்தான் கா. ராத்திரி சாப்பிடல்ல."

பிலோமினாக்கா இரண்டு கை அள்ளிச் சட்டிக்குள் போட்டார். பிறகு குனிந்து பார்த்தார். ஒரு தலையோடு கழுத்துச் சதை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கிள்ளி எடுத்து, தலையைச் சட்டியில் விட்டுவிட்டு, சதையை உள்ளே கொண்டுவந்து கம்பனி ஐஸில் வைத்தார்.